ஆறு விரல் காதலியும் பழவேற்காட்டுக் கைலியும்

என் அக்கா வீடு பழவேற்காட்டில், கோட்டைக்குப்பம். அக்கா வீட்டுக்காரர் ஏரியில் இறால் பிடிக்கிறார். அவர்கள் மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மாடி அறையில் உட்கார்ந்து ராத்திரியெல்லாம் ஏதோ தட்டிக்கொண்டிருப்பான். என்னடா என்று கேட்டால் "விஷுவல் நாவல் மாமா" என்பான். 'நாவல்' என்ற பாதி மட்டும் அக்காவுக்குப் புரிந்தது. புள்ள கதை எழுதுது என்று தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் 'அடல்ட்' என்று ஒரு சொல் இருப்பது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

விஷுவல் நாவல் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. திரையில் ஒரு படம் நிற்கும். கீழே வசனம் ஓடும். அவள் கோபமாகப் பார்க்கிறாள். நீ என்ன செய்வாய் என்று கேட்டு இரண்டு மூன்று பொத்தான் வரும். எதை அமுக்குகிறோமோ கதை அந்தப் பக்கம் போகும். ஜப்பானில் பிறந்த சரக்கு. இதைச் செய்ய 2004-லிருந்து ரென்பை என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. தனியாளாக உட்கார்ந்து கதை எழுதிவிடலாம், வசனம் எழுதிவிடலாம். படம்தான் உதைக்கும். ஒரு காதலிக்கு நாற்பது முகபாவம் வேண்டும். வரைகிறவர் சும்மா வரைவாரா? அந்த இடத்தில்தான் 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃபியூஷன் வந்து நுழைந்தது. வாயால் சொன்னால் படம். சம்பளம் கேட்காது, சாயங்காலம் டீ கேட்காது.

"மாமா, நம்ம ஊர்ல கிளுகிளுப்பா ஏதாவது சரித்திரம் இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டான். குடும்பத்தில் புத்தகம் படிக்கிறவன் என்ற பெயர் எனக்கு. அது இப்படியெல்லாம் வேலை வைக்கும்.

"டேய், மெட்ராஸே அதுலதான்டா பொறந்துது" என்றேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1610-ல் டச்சுக்காரர்கள் விஜயநகர அரசன் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கடை போட்டார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியருக்கு வயிறு எரிந்தது. 1612-ல் வந்து கடையை அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். டச்சுக்காரரான வெம்மர் வான் பெர்கெம் விடவில்லை, 1613-க்குள் கோட்டையே கட்டி, சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்ட்ரியா என்று பேரும் வைத்தார். அக்கா வீட்டுக் குப்பத்துக்குப் பெயரில் கோட்டை வந்தது இப்படித்தான். இப்போது கோட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டால் முள்செடியைக் காட்டுவார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி, வருகிறவர்களை வரவேற்க நிறுத்தியிருக்கிறார்கள். டச்சுக்காரர்களின் விருந்தோம்பல் மொத்தமும் அந்த இரண்டு பேரிடம் தெரியும்.

இங்கிலீஷ்காரர்கள் பாடு இன்னும் பரிதாபம். 1611-லேயே ஒரு கப்பலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். டச்சுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். பிறகு ஐரோப்பாவில் பெரியவர்கள் பேசி ஒப்பந்தம் போட்டு, 1621-ல் பழவேற்காட்டிலேயே உள்வாடகைக்கு வந்த மாதிரி வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்காரன் டச்சுக்காரன். செலவில் பங்கு, வியாபாரத்தில் மிச்சம். இரண்டு வருஷத்தில் மூட்டை கட்டினார்கள். 1626-ல் ஏரியின் வடக்குப் பக்கம், இன்றைய ஆந்திராவில் இருக்கும் துர்கராஜபட்டினத்தில் ஒதுங்கினார்கள். அவர்கள் வாயில் அது ஆர்மகான். உதவி செய்த ஆறுமுக முதலியார் பெயர்தான் அப்படி ஆனது என்று சொல்வார்கள். ஆறுமுகத்தை ஆர்மகான் ஆக்கியவர்கள் நம் பெயரையெல்லாம் எழுதி வைத்ததுதான் நமக்கு ஆவணம்.

அந்த ஆர்மகானில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்தான் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே. துணி சரியில்லை, துறை சரியில்லை. 1639. நம் கதாநாயகன் முன்னால் திரையில் மூன்று பொத்தான்.

ஒன்று, ஆர்மகானிலேயே இரு. இரண்டு, பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக்காரன் காலில் விழு. மூன்று, தெற்கே போ, சாந்தோம் பக்கத்தில் மணல்மேடு ஒன்று காலியாக இருக்கிறது.

மூன்றாவது பொத்தானை ஏன் அமுக்கினார்? அங்கே துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 மலிவு என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டினார். கம்பெனி வட்டாரத்தில் ஓடிய கிசுகிசு வேறு: ஐயாவுக்குச் சாந்தோமில் ஒரு அம்மாள் இருந்தாள், அடிக்கடி போய்வர வசதியாக இருக்கட்டும் என்றுதான் பக்கத்திலேயே இடம் பிடித்தார். நிரூபணம் கிடையாது, ஆனால் முந்நூற்றுச் சொச்சம் வருஷமாகச் சாகாமல் இருக்கிறது. கப்பல் நிற்கத் துறைமுகமே இல்லாத, அலை புரட்டி எடுக்கிற கரையை வியாபாரத்துக்கு என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால், நாலு பேர் நாலு விதமாகத்தானே பேசுவார்கள்? அந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் 1639 ஆகஸ்ட் 22-ல் இடத்தை எழுதிக் கொடுத்தார். இன்று அந்த நாளைத்தான் மெட்ராஸ் டே என்று கொண்டாடுகிறோம். எந்த டே என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம்.

பையன் கண்கள் பளபளத்தன. "சூப்பர் மாமா, ஹீரோயின் ரெடி" என்று படம் போட உட்கார்ந்தான்.

போர்ச்சுகீசியப் பெண், பதினேழாம் நூற்றாண்டு, சாந்தோம், அந்தி நேரம் என்று தட்டினான். ஜிமிக்கி போட்ட பம்பாய் நடிகை வந்தாள். வலது கையில் ஆறு விரல். பின்னால் வெனிஸ் நகரத்துப் படகு. திரும்பத் தட்டினான். விரல் சரியாகிவிட்டது, ஆனால் மூன்றாவதாக ஒரு கை வந்திருந்தது. பழவேற்காடு ஏரி என்று கேட்டால் பின்னணியில் பனிமலை. ஆந்திராப் பக்கத்தில் எங்கே பனிமலை என்று அதுவே நம்மைக் கேட்கும்போல. பூநாரை கேட்டால் மூன்று கால். பிரான்சிஸ் டே மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பாமல் கடற்கொள்ளைக்காரன் மாதிரியே வந்தார். அதை மாற்ற வேண்டாம், வரலாற்றுப்படி சரி என்று நானே சொல்லிவிட்டேன்.

அப்போது மாடியில் இன்னொருவனும் இருந்தான். பையனின் கூட்டாளி. படகுகளுக்குப் பெயின்ட் அடித்து, முகப்பில் மாதா படமும் முருகன் படமும் வரைகிறவன். "இது யார் போட்ட படத்தையெல்லாம் திருடிக் கலக்கின கலவை. நான் ஒரு மாதா மொகம் போட ரெண்டு நாள் ஆவுது" என்றான். பையன், "இது திருட்டு இல்லடா, டெக்னாலஜி" என்றான். பேச்சு முற்றியது. நான் அக்கா கொடுத்த காபியோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். உலகம் முழுக்க இப்போதுதான் இந்தச் சண்டை பிறந்த மாதிரி பேசிக்கொள்கிறார்கள். எனக்கோ, டேய், இது உங்க ஊர்ச் சண்டைடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பழவேற்காட்டில் டச்சுக்காரன் தேடி வந்த பொருள் துணி. கிராம்பு ஜாதிக்காய் எல்லாம் இந்தோனேசியத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிக்காசைப் பார்த்து மயங்குகிறவர்கள் இல்லை. சோழமண்டலக் கரைத் துணி கொண்டு வா, கிராம்பு தருகிறேன் என்பார்கள். அதனால் சோழமண்டலக் கரையை, கிராம்பு விளைகிற மொலுக்காஸ் தீவுகளின் இடக்கை என்றே 1612-ல் ஒரு டச்சு அதிகாரி எழுதினார்.

அந்தத் துணியில் படம் ஏறும் விதத்தைக் கேளுங்கள். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைத்துக் காயவைப்பார்கள். இல்லையென்றால் கோடு பரவிவிடும். மாதிரித் தாளில் ஊசியால் ஓட்டை குத்தி, கரித்தூள் மூட்டையால் தட்டினால் துணியில் புள்ளிப் புள்ளியாகப் படம் விழும். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த கறுப்பை, மூங்கில் கலத்தால் தொட்டு ஓரக்கோடு இழுப்பார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம். அப்புறம் கடற்கரை மணலில் முளைக்கிற சாயவேரில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கி, மெழுகைக் கொதிநீரில் கழற்ற வேண்டும். நடுநடுவே சாணித் தண்ணீர், வெயில், துவைகல். 1693-ல் புத்தகம் போட்ட டச்சுக்காரர் ஒருவர் பாலகொல்லுப் பக்கம் இந்தக் கலைஞர்களைப் பார்த்துவிட்டு நத்தை ஞாபகம் வந்ததாக எழுதினார். பொறுமைசாலி. அவர் ஏரிக்கரையில் ஒரு சீட்டாட்டம் பார்த்ததில்லை.

இங்கேதான் விஷயம். படம் போட்டவன் அவன் மனசில் இருந்ததைப் போடவில்லை. கம்பெனிக்காரன் மாதிரித் துணியும் தாளும் அனுப்புவான்: இந்தத் தீவுக்கு இந்தக் கட்டம், அந்தத் தீவுக்கு அந்தப் பூ. இதை இன்று 'ப்ராம்ப்ட்' என்கிறார்கள். ப்ராம்ப்ட்டில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பீட்டர் ஃப்ளோரிஸைக் கேட்க வேண்டும். பழவேற்காட்டில் கதவு சாத்தப்பட்ட அந்த இங்கிலீஷ் கப்பலில் வந்த வியாபாரி இவர். பிறப்பால் டச்சுக்காரர், எதிரிக் கடையில் வேலை. மசூலிப்பட்டினத்தில் சரக்கு ஏற்றி 1612-ல், இன்றைய தாய்லாந்தில் இருக்கும் பட்டாணி என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மலாய்க்காரர்கள் துணியைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கை நீட்டவில்லை. காரணம், சிவப்புத் துணியின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கரை இல்லை. அவ்வளவுதான். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

1643-ல் லண்டன் கம்பெனி சூரத்துக்கு எழுதிய கடிதம் இன்னும் ருசி. உங்கள் சிவப்புப் பின்னணி இங்கே எடுபடவில்லை, வெள்ளைப் பின்னணி போடுங்கள், நடுவில் பூவும் கொப்பும் வரைகிறவன் இஷ்டப்படி இருக்கட்டும் என்றது. இஷ்டப்படியாம்! வரைகிறவன் எந்த ஊர்ப் பூவைப் போடுவான்? பின்னால் வந்த துணிகளில் ஐரோப்பிய இலை, சீன மூங்கில், ஜப்பானியப் பாறை, ஒரே கொடியில் பத்து வகைப் பூ. எந்தக் காட்டிலும் முளைக்காத மரம் சோழமண்டலக் கரையில் முளைத்தது. ஆறு விரல் காதலியின் கொள்ளுப்பாட்டி அந்த மரத்தடியில்தான் பிறந்தாள். ஒரே வித்தியாசம், அந்தத் தப்பு அழகாக இருந்தது. ஏனென்றால் தப்பு பண்ணியவனுக்குக் கை இருந்தது.

விஷுவல் நாவலும் அப்போதே உண்டு. நியூயார்க்கில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் 1610-லிருந்து 1640-க்குள் இந்தக் கரையில் எழுதிய ஏழு துணித் திரைகள் இருக்கின்றன. ஒன்றில் அரசவை, ஒன்றில் தொப்பிக்கார ஐரோப்பியர், ஒன்றில் கிழக்காசியக் கூட்டம் என்று சட்டம் சட்டமாகக் காட்சி. பொத்தான்தான் இல்லை.

இவ்வளவு அழகு ஐரோப்பாவுக்குப் போனால் சும்மா இருப்பார்களா? 1686-ல் பிரான்ஸ் தடை போட்டது, 1759 வரைக்கும். இங்கிலாந்து 1700-ல் இறக்குமதிக்குச் சட்டம் போட்டது. 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பிழைப்பு போன கோபம் நியாயம்தான். ஆனால் கம்பெனி வாசலுக்குப் போனார்களா? அங்கே காவல் இருக்கும். தெருவில் சீட்டி என்ற இந்தப் பூத்துணியில் கவுன் போட்டுக்கொண்டு போன பெண்ணைப் பிடித்தார்கள். உடம்பிலிருந்தே கிழித்தார்கள், மையை வீசினார்கள், திராவகம் ஊற்றினார்கள். கிழிப்பதற்கு வசதியாகச் சீட்டி உடுத்தினவளுக்கு ஒழுக்கமில்லை என்று பட்டப்பெயரும் அச்சடித்துப் பரப்பினார்கள். 1721-ல் வந்த சட்டம், உடுத்தினாலே 5 பவுன் அபராதம் என்றது. நம் ஊர்த் துணி அங்கே 'அடல்ட்' சரக்காக ஆனது இப்படி. 1774-ல் தடை நீங்கியது. அதற்குள் அவர்களே அச்சுக்கட்டையும் இயந்திரமும் வைத்து அதே பூவைப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், பாதிரியார் ஒருவர் இந்தக் கரையில் சாயக்காரர்களிடம் விசாரித்து, 1742-ல் செய்முறையையே கடிதமாகப் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார். பயிற்சித் தரவு என்று இன்று சொல்வது அதுதான்.

ஊர் பெயரும் கூடவே போனது. பழவேற்காடு டச்சுக்காரன் வாயில் பலியகட்டா, இங்கிலீஷ்காரன் வாயில் புலிகாட். இந்தப் பக்கத்துக் கட்டம் போட்ட கைக்குட்டைக்கும் அதே பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் அதே கட்டத்தை நெய்து 'புல்லிகேட்' என்றே விற்றார்கள். ஏரியை அவர்கள் கனவில்கூடப் பார்த்ததில்லை. அடுத்த தலைமுறையில் விசைத்தறி வந்து அந்த ஸ்காட்லாந்து நெசவாளர்களையும் பட்டினி போட்டது, பாவம். மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்'. கட்டியிருக்கிறவரிடம் பழவேற்காடு எங்கே என்று கேளுங்கள், அப்படி ஒரு கடையா என்பார். போலி பெருகியபோது ஆப்பிரிக்காவுக்குப் போன நம் துணிக்கு 'ரியல் மெட்ராஸ்' என்றே பெயர் வைக்க வேண்டி வந்தது. நிஜமானது தன்னை நிஜம் என்று எழுதிக்கொண்டு நிற்கிற நிலைமை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காபி ஆறியிருந்தது. பெயின்ட்காரன் "அப்ப நான் சொன்னதுதானே சரி" என்றான். பையன் "அப்ப நான் சொன்னதுதானே சரி" என்றான்.

பையனுக்கு வேறு கவலை. ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடையில் 2024 ஜனவரியிலிருந்து செயற்கை அறிவில் செய்த படம் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் ஓடும்போதே அடல்ட் காட்சியை இயந்திரம் உருவாக்கினால் அனுமதியே இல்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், ஒரு சித்திரக்கதை விவகாரத்தில், எழுத்து எழுதியவருக்கு, இயந்திரம் போட்ட படம் யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவு சொன்னது. கதை உனக்கு, காதலி ஊருக்கு. 2025 ஜூலையில் பணப் பட்டுவாடா நிறுவனங்கள் முறைத்த முறைப்பில் ஸ்டீம் பல அடல்ட் ஆட்டங்களைத் தூக்கியது. இட்ச் என்ற இன்னொரு ஆட்டத் தளம் அடல்ட் சரக்கு மொத்தத்தையும் தேடினால் கிடைக்காதபடி மறைத்தது. கையால் போட்ட படமா, இயந்திரப் படமா என்று அப்போது எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் முத்துப்பழனியின் தெலுங்குச் சிருங்காரக் காவியமான 'ராதிகா சாந்தவனமு'வை 1910-ல் பதிப்பித்தபோது ஆபாசம் என்று பறிமுதல் செய்ய வெள்ளைக்கார சர்க்கார் வேண்டியிருந்தது. 1947-ல் தடை நீக்கச் சென்னை மாகாண முதல்வர் பிரகாசம் வர வேண்டியிருந்தது. இப்போது கார்டு கம்பெனி போதும்.

"மாமா, நம்ம ஊர்ல ஜெயில்லாம் போடுவாங்களா?"

"தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஏ. முதல் தடவைக்கே அஞ்சு வருஷம் வரைக்கும். பத்து லட்சம் வரைக்கும் அபராதம்."

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தான். பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தான். தமிழ் சினிமா எழுபது வருஷமாகக் கண்டுபிடித்து வைத்த வழிதான்: முக்கியமான நேரத்தில் பிரான்சிஸ் டே விளக்கை அணைப்பார், இரண்டு பூநாரைகள் கழுத்தோடு கழுத்து உரசும். இயந்திரத்தைக் கேட்டான். இரண்டு நாரை வந்தது. கழுத்து ஒன்று.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். காலையில் ஏரிக்குப் போய்த் திரும்பி, குளித்து, கட்டம் போட்ட கைலியில். பையன் அவசரமாக வேறு படத்துக்கு மாற்றினான். ஆனால் மாறி வந்தது நாயகி ஏரியில் குளிக்கிற காட்சி. அறையில் மூச்சு நின்றது. அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். நாயகியைப் பார்க்கவே இல்லை. அவளுக்குப் பின்னால், தூரத்தில், அலங்காரத்துக்கு இயந்திரம் பத்துப் படகை வரிசையாக நிறுத்திச் சுத்து வலை கட்டியிருந்தது.

"இன்னா மச்சான் இது?" என்றார் என்னைப் பார்த்து. "ஒரே எடத்துல பத்துப் படகு? தலைக்கட்டுக் கணக்குப் பாத்து, சீட்டு எடுத்து, முறை வெச்சுப் பாடு வுடறோம். இன்னிக்கு யார் பாடு இது? இப்படி எறங்கினா சாயங்காலம் பஞ்சாயத்துல வெட்டுக்குத்து ஆயிடும். மொதல்ல ஒம்போது படகக் கரைக்கு ஏத்தச் சொல்லு."

பையன் தட்டினான்: ஏரி, ஒரே படகு, பாடு முறைப்படி. இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. படகு ஒன்றுதான் வந்தது. அதில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள், எல்லாருக்கும் பிரான்சிஸ் டே முகம்.